துக்கம் விசாரிக்கச் செல்பவர் என்ன பேசலாம்?

துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தடுமாற்றத்தில்தான் ‘எல்லாம் விதி’, ‘நம் கையில் என்ன இருக்கிறது’ போன்ற வாக்கியங்கள் தாமாக வந்து விழுகின்றன. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும் அவை சாவுக்குக் காரணம் கூறுகின்றன. பறிகொடுத்தவரோ அந்த நேரத்தில் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. இறந்தவரைப் பற்றி உண்மையான ஒரு சொல், வீட்டில் ஆகவேண்டிய ஒரு வேலைக்கான பொறுப்பு, இவ்விரண்டையும் கொண்டுபோனால் போதும்.

உள்ளே சென்றதும் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. பல ஊர்களில் கையைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் நிற்பதே துக்கம் கேட்பதாகும். பிறகு அருகில் உட்கார்ந்து, ‘மாமா இல்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை, அத்தை’ என்று உறவுமுறை சொல்லித் தொடங்கலாம். அதன்பின், ‘என் கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு முடிகிற அன்று, கேட்காமலேயே வந்து பணம் கட்டியவர் அவர்’ என்பது போல, நீங்கள் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்லுங்கள். ‘தங்கமான மனிதர்’ என்பதை அன்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். கட்டணக் கதை உங்களிடம் மட்டுமே இருக்கும். அதைக் கேட்டு அவர் அழுதால் பதறி, ‘அழாதீர்கள்’ என்று தடுக்க வேண்டாம், அழட்டும்.

‘எப்படி ஆயிற்று?’ என்ற கேள்வியை அவரிடம் கேட்காமல் இருப்பது நல்லது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வது கொடுமை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் வெளியே பந்தலில் இருக்கும் உறவினரிடம் கேட்கலாம். தற்கொலையாக இருந்தால் பந்தலிலும் கேட்க வேண்டாம். தொண்ணூறு வயதுத் தாயை இழந்த மகனிடம் ‘கல்யாணச் சாவு’ என்று நாமாகச் சொல்லக் கூடாது, அவரே சொன்னால் தலையசைக்கலாம். கரு கலைந்த பெண்ணிடம் ‘வயது இருக்கிறது, அடுத்தது நிற்கும்’ என்பதும், கணவனை இழந்தவளிடம் ‘பிள்ளைகளுக்காக நீதான் தைரியமாக இருக்க வேண்டும்’ என்பதும் அவர்கள் துக்கப்படும் உரிமையையே பறிப்பவை. ‘இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குப் புரிகிறது, உன்னோடு இருக்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இஸ்லாமியர் வீடுகளில் ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்பார்கள். நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் பொருள். வேறு சமயத்தவர் அதை இரவல் வாங்க வேண்டியதில்லை, தம் இயல்பான சொல்லிலேயே இரங்கல் தெரிவிக்கலாம். கிளம்பும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் துக்க வீட்டில் இல்லை; தோளைத் தொட்டுவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

‘என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்பது கேட்கும் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றுகிறது. ‘நாளைக் காலை இட்லி எங்கள் வீட்டிலிருந்து வரும்’, ‘பிள்ளைகளை இன்றிரவு நான் அழைத்துப் போகிறேன்’ என்று வேலையின் பெயரைச் சொல்லுங்கள். காகித வேலை தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். இந்த அலைச்சலில், ‘நானும் உடன் வருகிறேன், அண்ணி’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு தனி.

நேரில் போக முடியாதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒட்டிவிட்டு நகர்வதை விட, தனிச்செய்தியாக இரண்டு வரி எழுதி, ‘பதில் அனுப்ப வேண்டாம், முடிந்தபோது பேசலாம்’ என்று முடிப்பது மேல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்தபின் தொலைபேசி மணி அடிப்பது குறைந்துவிடும். ஆறுதல் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான் என்பது என் எண்ணம். ‘சாப்பிட்டீர்களா, அக்கா? இரவு தூக்கம் வருகிறதா?’ என்று அழைத்துக் கேளுங்கள். பேச்சில் இறந்தவரின் பெயரைத் தவிர்க்காதீர்கள். முதல் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொண்டாட்டமின்றி இருக்கும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

இடையில் அவர், ‘நானும் அவரோடேயே போயிருக்கலாம்’ என்று சொன்னால், ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று வாயை அடைக்காமல், ‘சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனிருந்து, மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை நீங்களே அழைத்து அவர் கையில் கொடுங்கள். அது நடுவண் அரசு 2022இல் தொடங்கிய, இரவும் பகலும் இயங்கும் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.