இறால் கீரை சாலட்: தண்ணீரைக் கவனித்தால் பாதித் தவறு குறையும்

சேலத்துக்கு இறால் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. அதனால் இறால் சாலட்டில் நேரும் முதல் தவறு அடுப்படியில் இல்லை, மீன் கடையில் இருக்கிறது. ஐஸ் உருகிய தண்ணீரில் மிதக்கும் இறாலை எடுக்காதீர்கள். ஊறிய சதையில் இனிப்பு போய்விடும், வேகும்போது தண்ணீர் விட்டுச் சுருங்கும். ஐஸ் மேல் கிடப்பதாக, தலை உடலோடு இறுகப் பிடித்ததாக, ஓடு பளபளப்பதாகப் பார்த்து எடுங்கள். தலையில் கறுப்பு ஏறியிருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது. மூக்கில் ஏறும் காட்டமான வாடை அடித்தால் வாங்கவே வேண்டாம். குழம்பில் மசாலா அதை ஓரளவு மறைக்கும், சாலட்டில் மறைக்க ஒன்றுமில்லை.

நான்கு பேருக்கு அரை கிலோ முழு இறால் போதும். தலையும் ஓடும் கழித்து 250 முதல் 300 கிராம் மிஞ்சும். முதுகை லேசாகக் கீறி கறுப்பு நரம்பை உருவிவிடுங்கள். விட்டுவிட்டால் பல்லில் மணல்போல் கரகரக்கும். மஞ்சள்தூள் போட்டுக் கழுவும் வழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிடலாம். நிறம் சாலட்டில் சேரும் சீஸிலும் இலையிலும் ஒட்டும், பச்சை மஞ்சள் வாசனை எலுமிச்சையோடு சேராது.

பெரிய தவறு வேகவைப்பதில்தான். தொக்குக்குச் செய்வதுபோல ‘தண்ணி வத்தற வரைக்கும்’ அடுப்பில் விட்டால் இறால் ரப்பராகிவிடும். சூடு கூடக்கூடப் புரதம் இறுகி உள்ளிருக்கும் ஈரத்தைப் பிழிந்து தள்ளுவதுதான் காரணம். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 3 டீஸ்பூன் உப்பு, பத்து மிளகு, ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இறாலைப் போட்டு அடுப்பை அணைத்து மூடுங்கள். நடுத்தர இறாலுக்கு 2 முதல் 3 நிமிடம். பாத்திரம் சின்னதாக இருந்தால் இறால் விழுந்ததும் தண்ணீர் ஆறிப்போய் நடுவில் பச்சையாக நிற்கும்.

ஏற்காட்டில் சமைப்பவர்கள் நிமிடக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், மலைக் குளிரில் சீக்கிரம் ஆறவும் செய்யும். அரை நிமிடம் கூடுதலாகத் தேவைப்படலாம். எங்கே சமைத்தாலும் கண்தான் சரியான அளவுகோல். கண்ணாடிபோலிருந்த சதை முழுக்க வெண்மையாகி, இறால் பிறை நிலாபோல வளைந்ததும் எடுத்துவிடுங்கள். வட்டமாகச் சுருண்டுவிட்டால் முற்றிப்போனது. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் ஒரே நிமிடம், பிறகு துணியில் ஒற்றி உலர்த்துங்கள். அங்கேயே ஊறவிட்டால் கடையில் தவிர்த்த தண்ணீர் வீட்டில் ஏறிவிடும். கணவாய் சேர்ப்பவர்கள் வளையமாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

பச்சை இறாலை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் வெந்ததுபோல வெளுக்கும். நிறம்தான் மாறுமே தவிர கிருமி சாகாது.

கீரையை இறாலுக்கு முன்பே கழுவி முடித்துவிடுங்கள். இறால் வெட்டிய பலகையிலும் கத்தியிலும் பச்சை இலை படவே கூடாது. நான்கு பேருக்கு 150 கிராம் லெட்யூஸ் போதும். கிடைக்காவிட்டால் இளசான பருப்புக்கீரை, வல்லாரை, புதினா கலந்து எடுத்துக்கொள்ளலாம். வல்லாரை கசக்கும் என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். முளைக்கீரை, அரைக்கீரை இதற்கு ஒத்துவராது, அவை வெந்தால்தான் ருசி. இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசி அலசலுக்குக் குடிநீர் ஊற்றி, துண்டில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, எலுமிச்சையும் எண்ணெயும் வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும்.

சீஸில் உப்பைக் கணக்கில் எடுக்காதவர்கள் அதிகம். உப்பு நீரில் ஊறிய வெள்ளை சீஸான ஃபெட்டா போட்டால் 50 கிராமே போதும், வேறு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். கட்டியாக விற்கும் பதப்படுத்திய சீஸ் சூடான இறாலில் பட்டால் பிசுபிசுப்பாக ஒட்டும், ஆறிய பிறகே தூவுங்கள். பன்னீர் என்றால் உப்பு கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் சப்பென்றிருக்கும். மீனோடு பால் பொருள் சேர்க்காத வீடுகளில் சீஸை விட்டுவிட்டு வறுத்த வேர்க்கடலை போடலாம். ருசியில் அது குறைந்ததல்ல.

சாலட்டில் ஊற்றும் கலவைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டரை டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் அல்லது செக்குக் கடலை எண்ணெய், அரை டீஸ்பூன் இடித்த மிளகு. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் இறாலை அமுக்கிவிடும். பரிமாறும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் இலை துவண்டுவிடும். ஏற்காட்டு வெண்ணெய்ப்பழம் கிடைத்தால் பாதியைத் துண்டுபோட்டு, கடைசியாகச் சேருங்கள். முன்பே போட்டால் கிளறலில் மசிந்துவிடும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக்கு எடுத்துப்போவதானால் இலை, இறால், சீஸ், எலுமிச்சைக் கலவை நான்கையும் தனித்தனி டப்பாவில் கட்டுங்கள். இறாலும் சீஸும் ஐஸ் மேலேயே இருக்கட்டும். ஐஸ் இல்லாமல் வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும், சேலத்துக் கோடையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்த சாலட் மிஞ்சினால் வைத்துத் தின்ன முடியாது. ஃபிரிட்ஜில் தனியே வைத்த இறால் மிஞ்சினால், மறுநாள் முட்டைப் பொரியலில் கடைசியாகப் போட்டுச் சூடேற்றிச் சாப்பிடலாம்.