இ.எம்.ஐ. கட்டுகிறவர் வக்கீல் ஆகிறார்: கம்பெனிச் சண்டைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை, ஓரளவு பெரிய அபார்ட்மென்ட் என்றால் தமிழ்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். பொங்கல் வசூல், வெள்ளிக்கிழமை சேலம் போகிற காரில் இடம், தண்ணீர் லாரி என்று சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும். அதில் யாராவது ஒருவர், "அண்ணா, வைஃபுக்கு ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பாக்கறேன், எது வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும், ராத்திரி பதினொன்றரை வரை ஓயாது. ஓலாவா ஏதரா என்று ஆரம்பித்தது ஐபோனா ஆண்ட்ராய்டா என்பதில் போய் முட்டும். நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போயிருப்பார். தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவார்கள், பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து ஒரு பிளக் பாயின்ட் இழுக்க அசோசியேஷன் விடுமா, பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெங்களூரில் இது கொஞ்சம் தூக்கலாகவே நடக்கும். திட்டு வாங்குகிற கம்பெனி பலவற்றுக்கும் ரிங் ரோட்டில் ஓர் ஆபீஸ் இருக்கிறது. ஓலா எலெக்ட்ரிக், ஏதர் இரண்டுக்கும் தலைமையகம் இதே ஊர். வண்டி தயாராவதோ நம் எல்லைக்குள்: ஓலாவுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி, ஏதருக்கு ஓசூர். ஐபோன் தயாராகும் தொழிற்சாலைகளில் ஒன்று கோலார் பக்கம் நரசாபுராவில். யாருக்கோ மச்சான் அங்கே வேலை பார்க்கிறான், யாருக்கோ அந்தக் கம்பெனியில் ஷேர் இருக்கிறது. கட்சி கட்ட ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பில் போட்ட மறுநாள் பிறக்கும் ஞானம்

பிடித்ததால் வாங்கினோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். வாங்கியதால் பிடித்துப்போனது என்பதும் அதே அளவுக்கு நடக்கிறது. 1956இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வீட்டு உபயோகப் பொருட்கள் சிலவற்றைப் பெண்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே பரிசு என்றார். எடுத்த பின் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது, கைக்கு வந்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்டுவிட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. பொருள் என்னவோ அதேதான். இந்தச் சோதனை முறையிலேயே ஒரு கணக்குக் கோளாறு ஒளிந்திருக்கிறது என்று 2010இல் கீத் சென், ஜேன் ரைசன் இருவரும் காட்டினார்கள். அதைச் சரிசெய்து நடத்திய பிற்பாடு ஆய்வுகளிலும் இந்த மாற்றம் முழுக்க மறைந்துவிடவில்லை. ஆக, பிரெம் சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும் விஷயம் இருக்கிறது.

ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கி, அதற்கு மூன்று வருஷம் இ.எம்.ஐ. வேறு கட்டுகிறவரிடம், "அந்த வண்டியா, சாஃப்ட்வேர் தகராறு நிறைய வருதாமே" என்றால் அவர் காதில் விழுவது வண்டியைப் பற்றிய செய்தி இல்லை. "ஏமாந்துட்டியே" என்றுதான் விழும். உடனே வக்கீல் ஆகிவிடுகிறார். கம்பெனி அவருக்கு வக்கீல் ஃபீஸ் தரப் போவதில்லை. இ.எம்.ஐ.யும் அவருடையது, வாதமும் அவருடையது.

அதனால் ஷோரூமிலிருந்து நேற்று எடுத்து வந்தவரிடம் யோசனை கேட்பதுதான் முதல் தவறு. ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவரிடமும் "எப்படி இருக்கு?" என்றால் "சூப்பர்" என்றுதான் வரும். "கடைசியா எதுக்கு சர்வீஸ் விட்டீங்க, எத்தனை நாள்ல கெடைச்சுது?" என்று கேட்டால் தேதியோடு பதில் வரும்.

வகுக்கும் எண் இல்லாத கணக்கு

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா எலெக்ட்ரிக்குக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. முந்தைய ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்தக் கம்பெனி மேல் வந்த புகார்கள் 10,644. சர்வீஸ் தாமதம், டெலிவரி தாமதம் என்று பல வகை. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. நோட்டீஸ் வந்த அதே வாரத்தில்தான் ஓலாவின் நிறுவனர் பவிஷ் அகர்வாலும் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவும் எக்ஸ் தளத்தில் மோதிக்கொண்டார்கள். ஊர் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது.

ஒரு கட்சிக்கு 10,644 என்ற எண்ணே தீர்ப்பு. மற்ற கட்சி, "ஒரே வருஷத்துல 3 லட்சத்துக்கு மேல வித்திருக்காங்க ப்ரோ, இதெல்லாம் ஒரு நம்பரா?" என்றது. புகாரை எதால் வகுப்பது, அதாவது மொத்தம் எத்தனை வண்டி என்று தேடிய வரைக்கும் இரண்டாவது கட்சி ஒருபடி மேல்தான். ஆனால் அவர்களும் வழியில் இறங்கிவிட்டார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்கிறவர் யார்? சர்வீஸ் சென்டருக்கு அலைந்து, கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டு, அதற்கும் மேலே ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர். அப்படித் தெரியாதவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் வரவே இல்லை. மற்றக் கம்பெனிகளுக்கு இதே காலத்தில் எத்தனை புகார், ரோட்டில் ஓடும் வண்டி எத்தனை என்பதைப் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்ணை இரண்டு பக்கமும் சுழற்றியது வெறும் சிலம்பம்.

வாங்கப் போகிறவருக்கு அகில இந்தியக் கணக்கு அவ்வளவாக உதவாது என்பது என் கருத்து. சனிக்கிழமை காலையில் உங்கள் ஏரியா சர்வீஸ் சென்டர் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வரிசையில் நிற்கும் வண்டிகளின் சீட்டில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி படிந்திருக்கிறதா? ஹேண்டிலில் கட்டியிருக்கும் ஜாப் கார்டில் என்ன தேதி? போன வாரமா, போன மாசமா? நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கம்பெனிக்கும் இதைச் செய்யவேண்டும். பிடிக்காத கம்பெனியின் வாசலில் மட்டும் நின்றுவிட்டு வருவது நம் எல்லோருக்கும் கைவந்த கலை.

அடுத்தவன் தவறு மட்டும் நினைவில் நிற்பதற்கு இன்னொரு உதாரணமும் இதே ஸ்கூட்டரில் இருக்கிறது. 2023இல் சார்ஜருக்குத் தனியாகக் காசு வாங்குவது அரசு மானியத்துக்கான விலை வரம்பைத் தாண்டாமல் காட்டும் வேலையா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் வாடிக்கையாளர்களுக்கு அந்தக் காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டவை ஓலா, ஏதர், டி.வி.எஸ்., ஹீரோவின் வீடா என நான்கு கம்பெனிகள். இதை எந்தக் கட்சிக்காரரிடம் கேட்டாலும் மற்ற மூன்றின் பெயர் வரும்.

காசு வாங்கிட்டான்

பிடிக்காத ரிவ்யூ வந்தால் முதலில் விழும் கமென்ட் இது. ஒரே வீடியோவின் கீழ் இரு கட்சிக்காரரும் இதையே எழுதியிருப்பார்கள். 1985இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வலோனி, ராஸ், லெப்பர் மூவரும் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் முகாமில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரு தரப்புமே சொன்னது. போனுக்கும் ஸ்கூட்டருக்கும் அந்த அளவு ரத்தக்கறை கிடையாது, ஆனால் மனசு வேலை செய்யும் விதம் அதேதான்.

காசு வாங்குகிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். அதனால்தான் விளம்பரத் தர கவுன்சில் 2021இலும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் விதிமுறை கொண்டுவந்தன. பணம் மட்டுமில்லை, இலவசமாக வந்த போன், கம்பெனி செலவில் போன பயணம் எல்லாவற்றையும் ரிவ்யூ செய்பவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவர் சொன்னதில் சரிபார்க்கக்கூடியது எது என்று பாருங்கள். கேமராவில் சாயங்கால வெளிச்சத்தில் முகம் சிவந்து விழுகிறது என்றால் கடைக்குப் போய்ப் பார்த்துவிடலாம். "ஃபீல் ப்ரீமியமா இருக்கு" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, அதற்குக் காசு கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

யூடியூபரை விசாரிக்கிற நாம் பக்கத்து ஃபிளாட்காரரை விசாரிப்பதில்லை. கம்பெனி சம்பளத்தோடு தந்த ஸ்டாக் அடுத்த காலாண்டில் வெஸ்ட் ஆகி, அதாவது முழுசாகக் கைக்கு வரக் காத்திருப்பவர், அதே கம்பெனியின் கிளவுட் சேவைதான் உலகிலேயே பாதுகாப்பானது என்று அடித்துப் பேசுவார். போன வருஷம் அங்கே லே-ஆஃபில் போனவர் அதை எரித்தால்தான் தூக்கம் வரும் என்பார். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது வெளியாட்களுக்குத் தெரியாது. "நான் அங்கதான் வேலை பாக்கறேன், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க" என்று ஒரு வரி முன்னால் போட்டுவிட்டால் கேட்பவர் தள்ளுபடி போட்டுக் கேட்டுக்கொள்வார். இந்த ஊரில் அந்த வரியைக் கட்டாயமாக்க வேண்டும்.

அவர்கள் கூட்டு, நாம் சண்டை

2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்று ஆப்பிள் அறிவித்தது. எங்கள் பெட்டியில் உண்டு என்று சாம்சங் ஃபேஸ்புக்கில் கேலி செய்து பதிவு போட்டது. சாம்சங் பிரியர்கள் அந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 வந்தது, பெட்டியில் சார்ஜர் இல்லை. கேலிப் பதிவு அதற்கு முன்பே அழிக்கப்பட்டிருந்தது. அந்த மூன்று மாதம் மாமன் மகனோடு மல்லுக்கட்டியவர்தான் பாவம், புதிதாக வாதம் தயாரிக்க வேண்டியிருந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஆப்பிள் பிரியரிடமிருந்தே கடன் வாங்கினார்.

ஐபோன் 10 வந்த 2017 முதல் ஆப்பிளுக்குத் திரை செய்து தருவதில் சாம்சங்கின் துணை நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. சஃபாரியில் கூகுள் தேடலே முதலில் நிற்பதற்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 20 பில்லியன் டாலர். அமெரிக்க அரசு கூகுள்மேல் போட்ட வழக்கில் வெளிவந்த தகவல் இது. ஐபோனா ஆண்ட்ராய்டா என்று நாம் அடித்துக்கொள்ளும்போது அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் காசோலை போய்க்கொண்டிருக்கிறது.

இறக்குமதியாகும் சண்டைகள் தனி ரகம். ஐபோனின் மெசேஜ் ஆப்பில் இன்னொரு ஐபோனுக்கு அனுப்பியது நீலமாகவும் ஆண்ட்ராய்டுக்கு அனுப்பியது பச்சையாகவும் தெரிவதால் வருகிற பச்சை பபிள், நீல பபிள் தகராறு அமெரிக்காவில் எஸ்.எம்.எஸ். வழியே பேசுகிறவர்களுக்கு உரியது. அம்மா அப்பா முதல் பால்காரர் வரை வாட்ஸ்அப்பில் இருக்கிற நாட்டில் அதற்கு வேலையே இல்லை. மீம் மட்டும் வந்துவிட்டது.

வேலைக்காரர்களை ஸ்கோர்போர்டில் ஏற்றுவது

இது எனக்கு எரிச்சல் தருகிற தவறு. 2020 டிசம்பரில் நரசாபுராவில் ஐபோன் தயாரித்துவந்த விஸ்ட்ரான் தொழிற்சாலையில் சம்பளப் பாக்கி பிரச்சினை வெடித்து, கண்ணாடி உடைந்து, கைதுவரை போனது. சம்பளம், வேலை நேரம் இவற்றை நிர்வகித்ததில் குறை கண்ட ஆப்பிள், விஸ்ட்ரானைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் சம்பள உயர்வும் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த இரண்டும் போன் சண்டையில் "உங்க ஆள் பண்ணலையா?" என்று பதிலுக்குப் பதில் வீசப்படும். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாராவது டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். சாம்சங் போன் தயாராவது நொய்டாவில். வீசுகிறவருக்கு அதுகூடத் தெரிந்திருக்காது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்ற பேச்சு வந்த வேகத்திலேயே கேமரா பிக்சலுக்குப் போய்விடும்.

உங்கள் பொருளே பழுதானால்

பழுதைக் குழுவில் போட்டால், "எனக்கு அப்படி எதுவும் வரலையே சார்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவர் வண்டி ஓடுவதால் உங்கள் வண்டி ஓடாது. ஜாப் கார்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். போனில் பேசியதை அன்றே கம்பெனிக்கு மெயிலாகவும் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போவதென்றால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், ஓசூரில் வாங்கிய வண்டிக்குப் பெங்களூரிலேயே போட்டுவிடலாம்.