நைஜீரியத் தேர்தல் முடிவுகளைச் சேனல்ஸ் டெலிவிஷனில் பின்தொடர ஒரு வழிகாட்டி

நைஜீரியா 2027-இல் அடுத்த பொதுத் தேர்தலைச் சந்திக்கவிருக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகை மிகுந்த அந்த நாட்டின் தேர்தலை வெளியிலிருந்து கவனிப்பவர்கள் பெரும்பாலும் சமூக ஊடகத் துணுக்குகளோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிட நல்ல வழி, அந்நாட்டுத் தனியார் செய்தித் தொலைக்காட்சி ஒன்றை நேரலையில் பார்ப்பது. இங்கே சேனல்ஸ் டெலிவிஷனை எடுத்துக்கொள்கிறேன். அதன் ஒளிபரப்பு யூடியூபில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் உச்சரிப்பு பழகிவிட்டால் நம்மால் எளிதாகத் தொடர முடியும்.

முதலில் அந்த நிறுவனத்தின் பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1992 வரை நைஜீரியாவில் தொலைக்காட்சி முழுவதும் அரசின் கையில் இருந்தது. அந்த ஆண்டு இராணுவ ஆட்சி பிறப்பித்த ஓர் ஆணை தனியாருக்கு வழிவிட்டதோடு, தேசிய ஒலிபரப்பு ஆணையத்தையும் உருவாக்கியது. அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர்களான ஜான் மொமோவும் அவருடைய மனைவி ஒலுசோலா மொமோவும் உரிமம் பெற்று, 1995-இல் லாகோஸில் சேனல்ஸைத் தொடங்கினார்கள். மற்ற தனியார் நிலையங்களின் உடைமையையும் இதே போல விசாரித்து வைத்துக்கொள்வது அவசியம். அரைஸ் நியூஸ் ஒரு நாளிதழ் அதிபருடையது; டிவிசி, இப்போதைய குடியரசுத் தலைவர் போலா டினுபுவோடு தொடர்புடையதாகப் பரவலாகக் கருதப்படுவது. ஆகவே எந்த எண்ணையும் ஒரே நிலையத்தை மட்டும் நம்பி ஏற்க வேண்டாம்.

நேரக் கணக்கும் முக்கியம். நைஜீரிய நேரம் இந்திய நேரத்தைவிட நாலரை மணி நேரம் பிந்தியது. சேனல்ஸின் முதன்மையான இரவு பத்து மணிச் செய்தி நமக்கு விடியற்காலை இரண்டரைக்கு வரும். வாக்குப்பதிவு நாளன்று அங்கே பிற்பகல் இரண்டரை என்பது இங்கே இரவு ஏழு மணி. 2023-இல் வாக்குப்பதிவு முடியும் நேரமாக அதைத்தான் அறிவித்திருந்தார்கள், உண்மையில் பல இடங்களில் வெகு நேரம் நீண்டது என்றாலும்.

இரவு ஏழு மணியிலிருந்து பார்ப்பது வீண்போகாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டைப் போல அங்கே இயந்திரங்களைப் பூட்டி வைத்து வேறொரு நாளில் எண்ணுவதில்லை. வாக்குச்சாவடியிலேயே, பொதுமக்கள் சூழ்ந்து நிற்க, அன்றே எண்ணுகிறார்கள். அலுவலர் ஒவ்வொரு தாளாக உயர்த்திக் காட்ட, பெருவிரல் ரேகை எந்தச் சின்னத்தின் மேல் விழுந்திருக்கிறது என்று கூட்டமும் சேர்ந்து உரக்க எண்ணும். செய்தியாளர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்க்க எழுச்சியாக இருக்கும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு யாரும் கணிப்புச் செய்யக் கூடாது. நாடு முழுவதும் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருக்கின்றன. ஒரு தலைவர் வாக்களித்த சாவடியில் அவர் தோற்றார் என்பது தலைப்புச் செய்திக்கு உதவுமே தவிர, முடிவைச் சொல்லாது.

திரையில் வரும் எண்களை மூன்றாகப் பிரித்துப் பழகுங்கள். ஒன்று, செய்தியாளர் சாவடியில் நின்று சொல்வது. இரண்டு, கட்சிக்காரர்கள் அரங்கத்தில் அமர்ந்து உரிமை கோருவது. மூன்று, தேர்தல் ஆணையத்தின் அலுவலர் அறிவிப்பது. முடிவு என்று குறித்துக்கொள்ள வேண்டியது மூன்றாவதை மட்டுமே. சாவடியில் நிரப்பப்படும் இசி8ஏ படிவத்தின் எண்கள் வார்டு, உள்ளாட்சிப் பகுதி, மாநிலம் என்று படிப்படியாகக் கூட்டப்பட்டுத் தலைநகர் அபுஜாவுக்கு வருகின்றன. அங்குள்ள தேசியத் தொகுப்பு மையத்தில், பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கும் மாநிலத் தொகுப்பு அலுவலர் எழுந்து, பதிவான வாக்காளர் எண்ணிக்கையில் தொடங்கி, கட்சிகளை அகர வரிசையில் வாசித்து, செல்லாத வாக்குகளையும் பதிவான மொத்த வாக்குகளையும் சொல்லி முடிப்பார். 2023-இல் 18 கட்சிகள் இருந்ததால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பொறுமை தேவைப்பட்டது.

அந்த வாசிப்பின்போது ஒரு தாளில் மாநிலப் பெயர், முதல் நான்கு கட்சிகளின் வாக்கு, மொத்தச் செல்லும் வாக்கு என்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். கடைசிக் கட்டம் விடுபடக் கூடாது. ஏனெனில் அதிக வாக்கு மட்டும் போதாது. 36 மாநிலங்கள், தலைநகர்ப் பகுதி ஆகியவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாக்கு பெற்றிருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். 2023-இல் சொந்தக் கோட்டையான லாகோஸில் டினுபு, எதிர்க்கட்சி வேட்பாளர் பீட்டர் ஒபியிடம் தோற்றபோது பலர் ஆட்டம் முடிந்தது என்று எழுதினார்கள். இந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வந்தவர்களுக்கு, அங்கேகூட அவருக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்திருப்பது அப்போதே தெரிந்திருக்கும்.

சாவடிப் படிவங்களின் படங்களைத் தேர்தல் ஆணையம் ஐரெவ் என்னும் இணையதளத்தில் ஏற்றும். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே அதையும் திறந்து வைத்து ஒப்பிடலாம். 2023 பிப்ரவரி 25 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல் படிவங்கள் குறித்த நேரத்தில் ஏறவில்லை. எதிர்க்கட்சி முகவர்கள் தொகுப்பு மையத்திலிருந்து வெளிநடப்பே செய்தார்கள். இப்படி நேரும்போது, அறிவிப்பு எது, குற்றச்சாட்டு எது என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தி நிலையத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் செய்தியை எடைபோட வேண்டும். 2008 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் யாரடுவா பதவி விலகக்கூடும் என்று சேனல்ஸ் வெளியிட்ட செய்திக்கு ஆதாரம், அரசுச் செய்தி முகமையின் பெயரில் வந்த போலி மின்னஞ்சல். பாதுகாப்புப் படையினர் நிலையத்தை மூடினார்கள். சில நாள்களில் உரிமம் திரும்பக் கிடைத்தது. 2020 அக்டோபரில், காவல்துறைக் கொடுமைக்கு எதிரான போராட்டங்களைக் காட்டியதில் சமூக ஊடகக் காட்சிகளைச் சரிபார்க்காமல் பயன்படுத்தியதாகச் சொல்லி, சேனல்ஸ் உள்ளிட்ட மூன்று நிலையங்களுக்குத் தலா 30 லட்சம் நைரா அபராதம் விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில், தோற்ற கட்சியின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஒருவர் நேரலைப் பேட்டியில் சொன்னதற்காகச் சேனல்ஸுக்கு 50 லட்சம் நைரா. இப்படி அபராதம் விதிக்கும் அதிகாரமே தேசிய ஒலிபரப்பு ஆணையத்துக்கு இல்லை என்று அபுஜாவிலுள்ள கூட்டாட்சி உயர்நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. விருந்தினர் ஒருவர் வரம்பு மீறும்போது நெறியாளர் பதறிக் குறுக்கிடுவதைப் பார்த்தால், அவரைச் சார்புடையவர் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் குறுக்கீட்டின் பின்னால் இந்த அபராதங்கள் இருக்கின்றன. அதையும் மீறி எதிர்த்தரப்பைத் தொடர்ந்து அழைத்துப் பேசவிடுவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வெற்றி அறிவிக்கப்பட்டதும் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம். 2023-இல் மார்ச் 1 விடியற்காலை டினுபுவின் வெற்றி அறிவிக்கப்பட்டது; தோற்ற வேட்பாளர்களான அட்டிகு அபுபக்கரும் ஒபியும் நீதிமன்றம் சென்றார்கள். அறிவிப்பு நாளிலிருந்து மனுச் செய்ய 21 நாள், மனுச் செய்ததிலிருந்து தீர்ப்புக்கு 180 நாள், அந்தத் தீர்ப்பிலிருந்து உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டை முடிக்க 60 நாள் என்பது அரசமைப்புச் சட்டம் வகுத்த கெடு. செப்டம்பர் 6 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த மனுக்களைத் தள்ளின. அடுத்த தேர்தலுக்கும் இந்தக் கெடுக்களை ஒவ்வொன்றாக எண்ணி நாள்காட்டியில் குறித்து வைத்து, அந்த நாள்களை ஒட்டி மீண்டும் நேரலையைத் திறந்து பாருங்கள்.