பழைய ஹாலிவுட் ஏழைக் குடும்பப் படங்களை எப்படிப் பார்ப்பது?

இந்த வகைப் படம் பார்க்கலாம் என்று முடிவு செய்ததும் பலரும் நேராக ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ முன்னால் போய் உட்கார்ந்து, ஒரே இருட்டும் சோகமுமாக இருக்கிறதே என்று பாதியில் எழுந்துவிடுகிறார்கள். நல்ல படம்தான், ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். 1961-இல் வந்த ‘எ ரெய்சின் இன் த சன்’ படத்திலிருந்து தொடங்குங்கள்.

அதில் முதல் சில நிமிடங்களைக் கண்ணைக் கொட்டாமல் பாருங்கள். சிகாகோவில் இடநெருக்கடியான ஒரு வீடு, காலை நேரம், பள்ளிக்கூடம் கிளம்பும் பையன் 50 சென்ட் கேட்கிறான், இல்லை என்று அம்மா கறாராகச் சொல்லிவிடுகிறார். சிட்னி பாய்ட்டியே நடித்த அப்பா உடனே 50 சென்ட்டை எடுத்து நீட்டுகிறார், அது போதாதென்று மேலே இன்னொரு 50. பிறகு தான் வேலைக்குப் போக வழிச்செலவுக்குக் காசில்லாமல் அதே மனைவியிடம் வந்து நிற்கிறார். அந்த வீட்டுக்கு 10,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம் வரப்போகிறது, வந்தால் இந்த மனிதர் கையில் அது என்ன பாடுபடும் என்று இப்போதே உங்களுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும்.

இந்தப் படங்களைப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்: காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள். வசனம் சில இடங்களில் நீட்டி முழக்கும், இசை ‘அழு அழு’ என்று முதுகில் கைவைத்துத் தள்ளும் (அந்தக் காலத்து ஸ்டுடியோக்களுக்கு அதில் கூச்சமே கிடையாது), அதையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்து ‘எ ட்ரீ க்ரோஸ் இன் ப்ரூக்ளின்’, 1945, இலியா கஸான் இயக்கிய முதல் முழுநீளப் படம். அப்பா பாடிக்கொண்டே பரிமாறும் வெயிட்டர், குடிப்பழக்கம் உண்டு, பெண் அவர்மேல் உயிராக இருக்கிறாள். அம்மா மாடிப்படி தேய்த்துக் கழுவிக் குடும்பத்தை ஓட்டுகிறார். அப்பாவை ரசிப்பது சுலபம், ஜேம்ஸ் டன்னுக்கு ஆஸ்கரே கிடைத்தது. ஆனால் வாடகை குறையும் என்று அம்மா மேல்மாடி வீட்டுக்கு மாறச் சொல்லும்போது, ஏன் இப்போது என்று யோசித்துக்கொண்டே பாருங்கள், காரணம் பிறகுதான் தெரியும்.

‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ (1941) வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கதை. போர்க்காலம் என்பதால் அங்கே போக முடியாமல் கலிபோர்னியா மலைச்சரிவில் ஊரையே செட் போட்டு எடுத்தார்கள். உச்சரிப்பு ஆளுக்கொரு விதமாக இருக்கும், விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கூலியை அம்மாவின் மடியில் போடும் காட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூலி குறைந்து, சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று அப்பாவும் மகன்களும் மோதும்போது, உடைவது அந்த ஏற்பாடும்தான்.

இப்போது ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’துக்கு வரலாம். 1940, ஜான் ஃபோர்டு இயக்கியது, நிலத்தை இழந்து பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பும் விவசாயக் குடும்பத்தின் கதை. பட்டப்பகலில் போனில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்ச அளவுக்குத்தான் ஒளி வைத்து எடுத்திருக்கிறார். அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள், பேச்சு கொச்சையாக இருக்கும் என்பதால் சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். சாலையோர ஓட்டல் காட்சி வந்ததும் நிதானியுங்கள். 15 சென்ட் ரொட்டியை 10 சென்ட்டுக்குக் கேட்டு அப்பா நிற்கிறார், பக்கத்தில் இரண்டு குழந்தைகளும் மிட்டாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரப் பெண் முதலில் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் ஒரு சென்ட்டுக்கு இரண்டு மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். அவர்கள் போனபின் லாரி டிரைவர் ஒருவர், அது ஒன்றே 5 சென்ட் ஆயிற்றே என்கிறார். தர்மம் என்று தெரிந்தால் அந்த அப்பா வாங்கியிருக்கவே மாட்டார், படத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

முடிவுகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1934-இல் தணிக்கை விதிகள் இறுகிய பிறகு எதைக் காட்டலாம், எப்படி முடிக்கலாம் என்பதில் ஸ்டுடியோக்கள் ரொம்பவே ஜாக்கிரதையாக இருந்தன. ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ ஜான் ஸ்டைன்பெக் எழுதிய நாவல், அதைப் படமாக்கியபோது சம்பவங்களின் வரிசையையே மாற்றி, நம்பிக்கையான பேச்சோடு முடித்தார்கள், நாவல் அப்படி முடியாது. ‘வைல்ட் பாய்ஸ் ஆஃப் த ரோட்’ போன்ற 1933 படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், கடைசியில் அதுவும் கொஞ்சம் சமாளிக்கிறது என்றாலும்.

இதற்கு விதிவிலக்கு ‘மேக் வே ஃபார் டுமாரோ’, 1937. வீட்டை வங்கியிடம் பறிகொடுத்த வயதான தம்பதி, இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கும் தோதுப்படவில்லை. கடைசியைக் கொஞ்சம் இனிப்பாக்கச் சொன்னார்கள், இயக்குநர் லியோ மெக்கேரி மசியவில்லை. இதைக் கடைசியாகப் பாருங்கள், மறுநாள் காலையில் முக்கியமான வேலை எதுவும் இல்லாத ராத்திரியாகப் பார்த்து.