கேரவன் ஸ்லைடு-அவுட் நகரவில்லையா? மோட்டாரில் கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லைடு-அவுட் என்பது கேரவனின் பக்கவாட்டில் மோட்டாரால் வெளியே நீண்டு, உள்ளே மடங்கும் அறை. பட்டனை அழுத்தியும் அந்த அறை நகரவில்லை என்றதும் பெங்களூரில் பலர் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த மோட்டார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியிலிருந்து அதுவரை போகிற வழியில்தான் வோல்ட்டேஜ் குறைந்துபோகிறது.

முதல் தவறு, மோட்டார் ஓடாத நேரத்தில் வோல்ட்டேஜ் பார்ப்பது. பலவீனமான பேட்டரியும் சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். மோட்டார் 20, 30 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். ஒருவர் பட்டனை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பேட்டரி முனைகளிலும் மோட்டார் ஒயரிலும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியிலேயே 11-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். அங்கே 12 இருந்து மோட்டாரில் 9, 10 மட்டும் வந்தால் நடுவில் உள்ள லக் (ஒயர் முனையின் உலோக இணைப்பு), ரிலே (மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் மின்சார ஸ்விட்ச்), எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். எர்த்தைத் தனியாகவும் சோதிக்கலாம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரின் எர்த் முனையில். பட்டன் அழுத்தியிருக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவும் பெயின்ட்டும் போகச் சுரண்டி, மறுபடி முறுக்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் வருகிற கோளாறுகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊரில் கட்டும் வண்டிகளுக்கென்றே ஒரு தவறு உண்டு. பெரிய பஸ் சேஸிஸ் 24 வோல்ட். ஸ்லைடு-அவுட் மோட்டார் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்காகத் தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி தொடர்ந்து வற்றும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகும். கொஞ்ச காலத்தில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் வைத்தாலும் மோட்டார் கிளம்பும் நொடியில் அது தாங்காது. சார்ஜருடன் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைப்பதே சரி.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் கன்ட்ரோலர் அசையவே விடாது.

ஃப்யூஸ் போனால் அதைவிடப் பெரியதைப் போடவே கூடாது. 30 இருந்த இடத்தில் 50 போட்டால், அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும். உள்ளே போர்டும் திரையும் மெத்தையுமாக இருக்கிற வண்டி அது.

சத்தத்தைக் கேளுங்கள். ரிலே 'டக்' என்று அடித்தும் மோட்டார் அசையாவிட்டால் பெரும்பாலும் வோல்ட்டேஜ் போதவில்லை அல்லது எர்த் சரியில்லை. சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ஸ்விட்ச். வெளியே போகிறது, உள்ளே வரவில்லை என்றால் ரிலே அல்லது ஸ்விட்ச். ஒரே மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றுவதால் அதைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் சுற்றியும் அறை நகராவிட்டால் ஷியர் பின் (பளு மீறினால் தானே உடைந்து மற்ற பாகங்களைக் காக்கும் பின்) உடைந்திருக்கலாம், மோட்டாரின் பிரேக் லீவர் விடுபட்டிருக்கலாம்.

நகராத அறைக்கு விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதும் கெடுதல். மோட்டார் சூடேறும். இரண்டு பக்கமும் தனி மோட்டார் உள்ள அமைப்பில் ஒரு பக்கம் முந்தி, அறை கோணிக்கொள்ளும். தண்டவாளத்தில் கிரீஸ் பூசுவதும் வேண்டாம். பெங்களூர்த் தூசி அதில் ஒட்டி உப்புத்தாள் போல் அரைக்கும். உலர்ந்த சிலிக்கான் ஸ்ப்ரே போதும். ரப்பர் சீலுக்கும் அதுவே.

கடைசியாகக் கைப்பிடி. பல் சக்கர வகையில் பிரேக் லீவரை விடுவித்துக் கையால் சுற்றி அறையை உள்ளே கொண்டுவரலாம். வேலை முடிந்ததும் லீவரைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் கிளம்பினால் வளைவில் அறை தானே வெளியே நழுவும். ஓட்டத்தில் அறை நகராமல் பிடிக்கும் பயண லாக் இருந்தால் அதையும் மாட்டுங்கள். போய் நின்றதும் பட்டனைத் தொடும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மோட்டார் லாக்கோடு மல்லுக்கட்டி ஷியர் பின்னை உடைத்துவிடும்.