மலிவு ஏர்கன் பெல்லட் டின்னின் தரம் பார்ப்பது எப்படி?

500 எண்ணம் கொண்ட மலிவு டின் ஒன்றைத் திறந்து, ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் மெதுவாகக் கொட்டுங்கள். பெல்லட்டை எடுத்துவிட்டுத் தாளைப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள் லேசாகப் படிந்திருந்தால் பரவாயில்லை, ஈயம் என்றால் அது இருக்கும்தான். சுருள் சுருளாகச் சீவல்களும், ஊசிமுனை அளவு துண்டுகளும் கிடந்தால், அச்சு தேய்ந்த பிறகும் அதை மாற்றாமல் அடித்த சரக்கு என்று பொருள். அந்தச் சீவல் ஏதாவது ஒரு பெல்லட்டின் உள்குழிக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும். அந்த ஒன்றுதான் எட்டாம் வளையத்துக்குப் போகும்.

இங்கே பேசுவது 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. பெல்லட் பற்றி மட்டும். 10 மீட்டரில் தாள் இலக்கைச் சுடுவதற்கு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர், சுசீந்திரம் குளத்துப் பறவைகளைக் குறிவைப்பவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதலில் வடிவம். இலக்குச் சுடுதலுக்குத் தலை தட்டையான பெல்லட்தான் வேண்டும். அது தாளில் காகிதத் துளைப்பான் போல வட்டமாக வெட்டும். புள்ளி பார்க்கத் தகராறு வராது. உருண்டைத் தலை தாளைக் கிழிக்கும். கூர்முனை பெல்லட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் மலிவுச் சரக்கில் அந்த முனை நடுவில் நிற்பதே அபூர்வம். வாங்கவே வேண்டாம்.

எடையில் 0.45 கிராம் (7 கிரெயின்) பிஸ்டலுக்கும், 0.53 கிராம் (8.2 கிரெயின்) ரைஃபிளுக்கும் என்பது வழக்கம். மலிவு டின்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக 0.45 முதல் 0.50 வரை இருக்கும். ஆர்.டபிள்யூ.எஸ். பேசிக், எச் அண்ட் என் எக்ஸைட் ஈகான், காமோ மேட்ச் போன்றவை இந்த ரகம். பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயர், ஒரே நிற டின், ஆனால் லாட் எண் (ஒரே தடவையில் அடித்த சரக்குக்குத் தரும் எண்) வேறு என்றால் அது வேறு சரக்கு என்றே வையுங்கள்.

கண்ணால் பிரிப்பது

100 பெல்லட்டை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். வாட்ச் கடைக்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. பார்க்க வேண்டிய இடம் பின்பக்கம், பாவாடை போல விரிந்த ஸ்கர்ட். காற்றழுத்தம் தள்ளுவதும், பேரலின் உள்ளே சுழலாக ஓடும் காடியைப் பிடித்து அடைப்பதும் அந்த மெல்லிய விளிம்புதான். விளிம்பு முட்டை வடிவமாக நசுங்கியிருந்தால் தனியாக வையுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் அது அதைவிட மோசம். நசுங்கியதைக் காற்று கொஞ்சம் நிமிர்த்திவிடும். தடிமன் கோளாறை எதுவும் சரிசெய்யாது, சுழலும்போது பெல்லட் தள்ளாடும்.

பிறகு தலை. விளிம்பில் பிசிறு, வெட்டு, குழி இருக்கிறதா பாருங்கள். இடுப்பில் ஓடும் அச்சுக்கோடு கண்ணுக்குத் தெரியலாம், நகத்தில் தட்டுப்படக் கூடாது.

100-ல் 5 வரை கழிந்தால் அது நல்ல மலிவு டின். 10 கழிந்தால் பயிற்சிக்கு ஓட்டலாம். 20 கழிந்தால் கணக்குப் போடுங்கள்: 500-ல் 100 போய்விட்டால் மீதி 400-க்கு ஒவ்வொன்றின் விலையும் கால்பங்கு கூடிவிட்டது. அந்த விலைக்கு அடுத்த படி டின் கிடைக்கும். உட்கார்ந்து பொறுக்கும் வேலையும் மிச்சம்.

நசுங்கியவை எல்லாம் தொழிற்சாலைத் தவறு என்றும் சொல்ல முடியாது. பார்சல் வண்டியில் குலுங்கி நாகர்கோவில் வந்து சேருவதற்குள் பாதி வேலை நடந்துவிடும். மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து இறுக்கிய டின்னில் சேதம் குறைவு. டப்பாவைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், கலகலவென்றால் உள்ளே இடம் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் அளந்து தரும் சில்லறைச் சரக்கைத் தொடவே வேண்டாம். அதில் லாட் எண்ணும் இருக்காது.

உருட்டிப் பார்ப்பது

கண் தவறவிடுவதைக் கண்ணாடித் தகடு பிடித்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் வைத்து ஒரு முனைக்கடியில் இரண்டு தீப்பெட்டி கொடுத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். பெல்லட்டைப் படுக்கவைத்து விடுங்கள். ஸ்கர்ட் தலையைவிட அகலம் என்பதால் அது நேராக ஓடாது, வில் போல வளைந்து ஓடும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் ஓடி ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். நசுங்கியது தத்தித் தத்தி நிற்கும். தலை சிறுத்தது கூடுதலாக வளையும். எங்கே விழுகிறது என்று ஒரு பேனாக் கோடு போட்டுக்கொண்டால் 100 பெல்லட்டைக் கால் மணி நேரத்தில் முடிக்கலாம்.

டிஜிட்டல் வெர்னியரால் தலையை அளக்கலாமே என்று தோன்றும். மேட்ச் டின்களில், அதாவது போட்டிக்கென்று செய்த விலை கூடிய ரகத்தில், 4.49, 4.50 என்று தலை அளவு அச்சிட்டிருப்பார்கள், வித்தியாசம் 0.01 மி.மீ. சாதாரண வெர்னியரின் பிழையே அதைவிடப் பெரிது, போதாததற்கு அதன் தாடை ஈயத்தை நசுக்கும். அந்த வேலை வீண்.

எடை எவ்வளவு முக்கியம்?

பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒரு கணக்கு: 0.53 கிராம் பெல்லட், வேகம் நொடிக்கு 170 மீட்டர். 10 மீட்டரைக் கடக்க 0.059 நொடி, அதற்குள் புவியீர்ப்பில் சுமார் 17 மி.மீ. இறங்கும். எடை 0.02 கிராம் கூடினால், அதாவது ஏறக்குறைய 4 சதவீதம், வேகம் 2 சதவீதம் போலக் குறையும், இறக்கம் 0.7 மி.மீ. கூடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ., ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் (10.9 நட்டநடு, 10.0 பத்தின் விளிம்பு) 0.25 மி.மீ. ஆக 10.9 விழ வேண்டியது 10.7 அல்லது 10.6 ஆகும். போட்டியில் வலிக்கும். ஆனால் கோணல் ஸ்கர்ட் ஒன்று இழுத்துப்போகும் தூரத்துக்கு முன்னால் இது சின்ன விஷயம். அதனால்தான் கண்ணும் கண்ணாடியும் முதலில், தராசு பிறகு.

தராசு 0.001 கிராம் காட்ட வேண்டும். 0.01 கிராம் தராசில் பத்துப் பத்தாக நிறுத்தால் சராசரிதான் தெரியும்; ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பது அந்தப் பத்துக்குள்ளேயே மறைந்துபோகும். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் கோயில் நகை செய்பவர்களிடம் மில்லிகிராம் தராசு இருக்கும். 30 பெல்லட்டை நிறுக்க அரை மணி நேரம் கேட்டுப் பார்க்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். மிகக் கனத்ததற்கும் மிக லேசானதற்கும் இடைவெளி 0.01 கிராமுக்குள் இருந்தால் அருமை, 0.02 வரை சரி. 0.03 தாண்டினால் இரண்டு அச்சின் சரக்கைக் கலந்து அடைத்திருக்கலாம். எடைவாரியாக எண்ணிக்கையைக் குறித்துப் பாருங்கள், இரண்டு குவியலாகப் பிரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேரலில் பொருந்துகிறதா

துப்பாக்கியின் ஸ்பிரிங்கை ஏற்றாமல் பேரலைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் பெல்லட்டை உள்ளே தள்ளுங்கள். லேசான எதிர்ப்போடு போய் விளிம்போடு சமமாக உட்கார வேண்டும். தானாக வழுக்கி உள்ளே விழுந்தால் அந்தப் பேரலுக்கு அது சிறிது. நகம் மடங்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தால் பெரிது, அல்லது ஈயம் கடினம். பத்துப் பெல்லட்டில் மூன்று வழுக்கி, மூன்று இறுகினால், தொடர்ந்து சோதிக்கவே வேண்டாம்.

ஈயம் கடினமா என்று அறிய ஒன்றைக் குறட்டில் வைத்து நசுக்குங்கள். மென்மையான ஈயம் அப்பளமாகும். விரிசல் விட்டால் கலப்பு அதிகம். அது காடியைச் சரியாகப் பிடிக்காது.

சுட்டுப் பார்ப்பது

இதற்கு முன் சொன்னவை எல்லாம் கழிப்பதற்கு. தேர்ந்தெடுப்பது தாள்தான்.

மூடிய கூடமோ நீண்ட வராந்தாவோ வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும்போது தோட்டத்தில் வைத்துச் சோதித்தால், அளப்பது காற்றை, பெல்லட்டை அல்ல. இலக்குக்குப் பின்னால் இரும்புப் பெட்டி: உள்ளே 45 டிகிரி சாய்ந்த தகடு, அடியில் மணல். கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. நம் ஊரில் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். குறைந்த வேகப் பெல்லட் ரப்பரில் பட்டு எகிறித் திரும்பி வரும்.

அளவுகோலாக மேட்ச் டின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி. மேட்ச், எதுவானாலும் சரி. இது இல்லாமல் செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை. மலிவு பெல்லட் 12 மி.மீ. பரவுகிறது, மேட்ச் பெல்லட்டும் அதே 12 பரவுகிறது என்றால் கோளாறு துப்பாக்கியிலோ கையிலோ இருக்கிறது.

பேரலைத் துடைத்துவிட்டு, புதிய பெல்லட்டில் 10 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். பேரலில் புது ஈயம் படிய அவ்வளவு வேண்டும். பிறகு 5 குண்டு வீதம் 5 தாள். மேட்ச் ஒரு தாள், மலிவு ஒரு தாள் என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒரு டின்னை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் இரண்டாவதற்குக் களைத்த கைதான் கிடைக்கும். டின் மாறும்போதும் சில குண்டுகளை வெற்றுத்தாளில் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை மணல் பை மேல் நேராகச் சாய்க்காமல், பை மேல் உள்ளங்கை, உள்ளங்கை மேல் துப்பாக்கி என்று வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இறுக்கிப் பிடித்தாலும் அதன் துள்ளல் மாறும், குண்டும் மாறும்.

மூன்று குண்டு சுட்டு, ஒரே ஓட்டை என்று படம் எடுத்து அனுப்புபவர்களை நம்பாதீர்கள். எந்த டின்னிலும் மூன்று நல்ல பெல்லட் இருக்கும். ஐந்து தாள்களின் குறிமையத்தையும் ஒன்றாகப் பொருத்தி, 25 ஓட்டைகளின் நடுவையும் ஒரே டிரேஸிங் தாளில் புள்ளி வையுங்கள். மிகத் தொலைவில் உள்ள இரண்டு புள்ளிகளின் இடைவெளிதான் அந்த டின்னின் குணம். ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தால் 4.5 கழித்துக்கொள்ளுங்கள்.

25 புள்ளிகளும் 5 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால், குறி பிசகாத வரை ரைஃபிளில் ஒவ்வொரு குண்டும் 10.0-க்குக் கீழே போகாது; அப்படி ஒரு மலிவு டின் கிடைத்தால் அதிர்ஷ்டம். பிஸ்டலுக்கு 10 வளையமே 11.5 மி.மீ.; மையங்கள் 16 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்தாலே பத்துதான். ஆகவே பிஸ்டல் பழகுபவர் விலை கூடிய டின்னுக்குச் செலவழிக்க அவசரப்பட வேண்டியதில்லை. ரைஃபிள்காரர் பயிற்சிக்கு 8 மி.மீ. வரை ஒத்துக்கொள்ளலாம்.

24 புள்ளிகள் கூட்டமாக இருந்து ஒன்று மட்டும் தனியே விலகியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். சுடும்போதே, ஓட்டையைப் பார்ப்பதற்கு முன், எங்கே விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். சொன்ன இடத்திலேயே இருந்தால் அது கையின் பிழை. சொன்னது ஒன்று, விழுந்தது ஒன்று என்றால் பெல்லட். பயிற்சியில் இதுதான் பெரிய கெடுதல்: தன் தவறு எது, டின்னின் தவறு எது என்று பழகுபவருக்குத் தெரியாமல் போய்விடும்.

வாங்கிய பின்

தேறிய டின்னின் அடியில் ஒட்டியிருக்கும் லாட் எண்ணைக் குறித்து, அதே எண்ணில் நாலைந்து டின் சேர்த்து வாங்குங்கள். அதற்குமேல் சேர்த்தால் இந்த மாவட்டத்தின் ஈரம் விடாது. இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. பெல்லட்டில் வெள்ளை மாவு பூத்தால் ஈயம் அரித்துவிட்டது, அது துடைத்தும் தேறாது. கையால் தேய்க்கவும் வேண்டாம், நஞ்சு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மரப்பெட்டி வேண்டாம், மரம் விடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். அதைவிட முக்கியம், ரப்பர் பால் உறைய வைக்கும் கொட்டகையில் வைக்கவே கூடாது. ஃபார்மிக் ஆசிட் ஆவிக்கும் ஈயத்துக்கும் ஆகாது.

வெள்ளை பூக்காமலிருக்கப் பெல்லட்டில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் அழுத்தத்தில் தீப்பற்றி வேகத்தைத் தாறுமாறாக்கும், நாளாக ஆகக் காறிப் பிசுக்காகும்.

சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாயா. பெட்டியில் சேரும் ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்காமல் டப்பாவில் மூடி வைத்து ஆக்கர் கடையில் (பழைய உலோகம் வாங்கும் கடை) போடுங்கள்.