புரொக்ஸ்மொக்ஸில் பேக்கப்பிலிருந்து மெஷினை மீட்பது எப்படி?

ஸ்டான்லி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை என்று வைத்துக்கொள்வோம். பின்னறைச் சேர்வரில் புரொக்ஸ்மொக்ஸ், அதாவது ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள். அதற்குள் பில் போடும் விண்டோஸ் மெஷின், எண் 101. இரவில் பேக்கப் தானாக ஓடுகிறது. ஒரு காலை விண்டோஸ் எழும்ப மறுத்தால் என்ன செய்வீர்கள்?

பலர் 101ஐத் திறந்து, அதன் பேக்கப் பக்கத்திலேயே ரெஸ்டோர் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம். அது இருக்கிற டிஸ்க்கை அழித்துவிட்டு அதே எண்ணில் எழுதும். எச்சரிக்கை வரும்தான், ஆனால் கடை வாசலில் ஆட்கள் நிற்கும்போது அதை யார் வாசிக்கிறார்கள்? பழுதான மெஷினிலும் நேற்றைய பில்கள் கிடக்கலாம். பக்கத்தில் இன்னொன்றாக மீட்பதுதான் என் வழி.

1. உலாவியில் சேர்வரின் ஐபி முகவரியை 8006 போர்ட்டோடு திறந்து, இடப்பக்கம் பேக்கப் இருக்கும் ஸ்டோரேஜைத் தெரிவுசெய்து, பேக்கப்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெஷினின் எண், எடுத்த நாள், நேரம் எல்லாம் கோப்பின் பெயரிலேயே இருக்கும். கடைசியாக எடுத்தது நல்லதாகத்தான் இருக்கும் என்றில்லை. பிரச்சினை தொடங்குவதற்கு முந்தியதை எடுங்கள்.

2. ரெஸ்டோரை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். எண் இருக்கும் இடத்தில் பாவனையில் இல்லாத ஒன்று, உதாரணமாக 901. டிஸ்க் எந்த ஸ்டோரேஜுக்குப் போகிறது, அங்கே இடம் காணுமா என்று பாருங்கள். 'யுனீக்' என்பதை டிக் செய்தால் புது மாக் முகவரி (நெட்வேர்க் கார்டின் அடையாள எண்) கிடைக்கும். சோதித்துப் பார்க்க அதுதான் நல்லது. 101க்குப் பதிலாக நிரந்தரமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் டிக் செய்யாமல் விடுங்கள். சில பில்லிங் மென்பொருட்களின் லைசன்ஸ் மாக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். 'ஸ்டார்ட் ஆஃப்டர் ரெஸ்டோர்' மட்டும் எப்போதும் வெறுமையாகவே இருக்கட்டும்.

3. வேலை நடப்பதைக் காட்டும் பதிவில் (லொக்) 'டாஸ்க் ஓகே' என்று வரும்வரை பொறுங்கள். இடையில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டால் பயமில்லை. அரைகுறை 901ஐ அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம் (பூட்டியிருக்கிறது என்று மறுத்தால், முதலில் சேர்வரின் ஷெல்லில் qm unlock 901 கொடுங்கள்). இந்த மீட்பால் 101க்கு ஒன்றும் ஆகாது.

4. 901ஐ இயக்கமுன் இரண்டு வேலை. ஹாட்வெயார் பக்கத்தில் நெட்வேர்க் கார்டைத் திறந்து 'டிஸ்கனெக்ட்' டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஐபியில் இரண்டு மெஷின் எழும்பிச் சண்டை பிடிக்கும். அடுத்தது, ஒப்ஷன்ஸில் 'ஸ்டார்ட் அட் பூட்' என்பதை நிறுத்துங்கள். பேக்கப்போடு அந்த அமைப்பும் சேர்ந்து வந்துவிடும். கரண்ட் போய் வந்ததும் 901 தானே எழும்பும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

5. 901ஐ இயக்கி, கொன்சோலில் (மெஷினின் திரையை உலாவியிலேயே காட்டும் பக்கம்) உள்ளே போய்க் கடைசி பில் இலக்கத்தைப் பாருங்கள். டெஸ்க்டொப் தெரிந்தவுடன் சரி என்று எழும்பிவிடாதீர்கள். எல்லாம் ஒழுங்கென்றால் 101ஐ நிறுத்தி, பிறகு 901இன் நெட்வேர்க்கைக் கொடுத்து, ஸ்டார்ட் அட் பூட்டை 101இல் நிறுத்தி 901க்கு மாற்றிவிடுங்கள்.

மெஷின் நல்லாயிருக்கிறது, ஒரு எக்செல் கோப்பு மட்டும் போய்விட்டதா? புரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வரில் (பேக்கப்புக்கென்றே தனியாக நிறுவும் மென்பொருள்) எடுத்த பேக்கப் என்றால் 'ஃபைல் ரெஸ்டோர்' பட்டனால் உள்ளே போய் அந்தக் கோப்பை மட்டும் இறக்கலாம். சாதாரண பேக்கப்பில் அந்த வசதி இல்லை. மேலே சொன்னபடி 901ஐ மீட்டு, இயக்காமல், 'டிஸ்க் அக்ஷன்' மெனுவில் 'ரீஅசைன் ஓனர்' கொடுத்து அதன் டிஸ்க்கை 101க்கு மாற்றுங்கள். விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் அது 'ஒஃப்லைன்' என்று நிற்கும், ஏனென்றால் இரண்டு டிஸ்க்கின் அடையாளமும் ஒன்று. வலது கிளிக் செய்து 'ஒன்லைன்' கொடுத்தால் திறக்கும். தரவுத்தளக் கோப்புகளை மட்டும் இப்படிப் பிடுங்காதீர்கள். 901ஐ இயக்கி, அந்த மென்பொருளாலேயே எக்ஸ்போர்ட் எடுங்கள்.

இதையெல்லாம் ஒரு போயா நாளில், கடை பூட்டியிருக்கும்போது ஒருமுறை செய்து பாருங்கள். முடிந்ததும் 901ஐ அழிக்கும்போது புரொக்ஸ்மொக்ஸ் எண்ணை ரைப் செய்யச் சொல்லும். 101 அல்ல, 901.